முதல் எடிட்டர் எது?

பதினோராம் வகுப்பின் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல் வருகிறது. வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை அதைச் செய்துபார்க்க உட்கார்ந்தால் முதலில் திறப்பது பெரும்பாலும் எம்எஸ் வேர்டைத்தான். கணினியில் எழுதுவதென்றால் வேர்டு என்றுதான் அதற்குப் பழக்கியிருக்கிறோம். புத்தகத்தைப் பார்த்து ஒரு புள்ளி விடாமல் அடித்து, சேமித்து, கோப்பின் பின்னொட்டை மாற்றி பிரவுசரில் திறந்தால் திரை முழுக்கக் குப்பை. அடித்ததில் பிழை ஒன்றுமில்லை. வேர்டு உண்டாக்கும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். எழுத்துரு, ஓரம், பத்தி நடை, பக்க அளவு என்று பல சிறு கோப்புகளைச் சுருக்கி அதற்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றினால் பொட்டலம் பிரிந்துவிடாது.

'வணக்கம்' என்ற ஒரே சொல்லை நோட்பேடில் அடித்து யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் கோப்பின் அளவு 21 பைட். அந்தச் சொல்லில் ஏழு குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதே சொல்லை வேர்டில் சேமித்தால் பல ஆயிரம் பைட் ஆகும். வேர்டில் அடித்ததை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலும் தொல்லை விடாது. நேரான மேற்கோள் குறியை வேர்டு அழகுபடுத்தி வளைத்திருக்கும். வளைந்த குறியைக் கண்டால் பைத்தான் அந்த வரியிலேயே நின்றுவிடும். எச்டிஎம்எல்லில் இணைப்பு எங்கும் போய்ச் சேராது.

ஆகவே எடிட்டர் என்று இங்கே சொல்வது, அடித்த எழுத்தை அடித்தபடியே கோப்பில் வைக்கும் நிரலை. எதை முதலில் பழகலாம் என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கல்லூரி முதலாண்டுக்காரர் விஎஸ் கோடு என்பார். லினக்ஸில் ஊறியவர் விம் என்பார், கொஞ்சம் பெருமையோடு. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் நோட்பேட் பிளஸ் பிளஸ். வசதிகளை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இந்தப் பதில்களுக்குள் இருக்கிறது. புதியவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அவருக்கு முக்கியமானவை மூன்று: ஒரு விசையை அழுத்தினால் எப்போதும் ஒரே காரியம் நடக்க வேண்டும், எழுதியது தானாக மாறக் கூடாது, தமிழில் எழுதினால் உடையக் கூடாது. முதலாவதும் மூன்றாவதும் தமிழருக்குக் கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்.

முதலாவது தேவையின் கதை பழையது. 1974-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிராவோ என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். அதில் இரண்டு நிலைகள். கட்டளை நிலையில் விசைகள் கட்டளைகள்; எழுதும் நிலையில் அவையே எழுத்துகள். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும் என்பதை அங்கே பலரும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். முதல் எழுத்தான இ, ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். அடுத்த டி அதை அழிக்கும். ஐ எழுதும் நிலைக்கு மாற்றும். கடைசி எழுத்து மட்டும் திரையில் விழும். பக்கம் பக்கமாக எழுதியது போய் ஒற்றை எழுத்து மிஞ்சும்.

அதே கூடத்தில் இருந்த லாரி டெஸ்லருக்கு இது சிரிப்பாகப் படவில்லை. ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக அவரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எடிட்டரை எழுதினார்கள். பதிப்பகத்தார் கத்தரிக்கோலும் பசையும் வைத்துத் தாள்களை வெட்டி ஒட்டித் திருத்துவதைப் பார்த்து, வெட்டு, ஒட்டு என்ற செயல்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். நிலைமாற்றம் கிடையாது, எந்த நேரத்தில் எழுத்து விசையை அழுத்தினாலும் எழுத்துதான் வரும். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார், வழக்கமும் அவரோடு போனது. நிலைகள் வேண்டாம் என்ற கருத்தைத் தன் காரின் எண் பலகையிலேயே எழுதிவைத்திருந்தார் மனிதர். 2020-இல் காலமானார். இன்று நாம் கை பழகியிருக்கும் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி அந்த வழியில் வந்தவை.

மற்ற வழி யுனிக்ஸ் பக்கம் தொடர்ந்தது. 1969-இல் கென் தாம்சன் எழுதிய எட் என்ற எடிட்டர், தப்பு செய்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டும். என்ன தப்பு என்று சொல்லாது. 1976 வாக்கில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் வி-ஐ எடிட்டரை எழுதினார். அவர் காலத்துச் சூழலை வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியே வேலை. நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் வரும். எண்பதுக்கு இருபத்துநான்கு என்ற அளவுள்ள ஒரு திரையை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓர் எழுத்தை அழுத்தினால் ஒரு பெரிய வேலை முடிய வேண்டும் என்ற கஞ்சத்தனம் அங்கே நியாயம். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அச்சிட்டிருந்தார்கள். இன்றும் விம் பழகுகிறவர் அந்த நான்கு விசைகளால்தான் கர்சரை நகர்த்தக் கற்கிறார். மோடம் போய்விட்டது, விசை நிற்கிறது.

வி-ஐயின் வாரிசான விம்மை டச்சுக்காரர் பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்டார். திறந்ததும் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வரி தெரியும். உலகில் வேறெந்த எடிட்டரும் இப்படிக் கேட்டதாக நினைவில்லை. 2023-இல் அவர் மறைந்தார். விம் அருமையான கருவி, பழகியவர் கையில் பறக்கும். ஆனால் அதிலிருந்து வெளியே வருவது எப்படி என்று நிரலாளர்கள் கூடும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் 2012-இல் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் முறை பார்த்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் பார்த்தவர்கள் நிரல் எழுதுகிறவர்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். நம் விசைப்பலகையே ஏற்கெனவே இரண்டு நிலையில் இருக்கிறது: தமிழ் அல்லது ஆங்கிலம். தமிழ்99-ஐ இயக்கிவிட்டு ஒரு பத்தி எழுதி, எஸ்கேப் அழுத்தி விம்மின் கட்டளை நிலைக்குப் போனால், எச் இருக்கும் விசையை அழுத்தும்போது விம்முக்குப் போவது ஒரு தமிழ் எழுத்து. அதற்கு அது புரியாது. முதலில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், கட்டளை கொடுக்க வேண்டும், மறுபடி தமிழுக்கு வர வேண்டும், எழுதும் நிலைக்குள் நுழைய வேண்டும். எடிட்டருக்கு இரண்டு நிலை, விசைப்பலகைக்கு இரண்டு நிலை, பெருக்கினால் நான்கு. இதைச் சமாளிக்க விம்முக்குள்ளேயே வழிகள் உண்டு, அவற்றை அமைத்துக்கொள்ளத் தெரிந்தவர் புதியவராக இருக்கமாட்டார். நிலையில்லாத எடிட்டர் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு ஒரு வசதி. நமக்கு அது அடிப்படைத் தேவை.

கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினலில்தான் வேலை என்றாகிவிட்டால் நானோ போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் நிரலோடு வந்த பைக்கோவைப் பார்த்து, உரிமத் தடையில்லாத மாற்றாக 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா தொடங்கியது. திரையின் கீழ் இரண்டு வரிகளில் முக்கியமான விசைகள் எப்போதும் எழுதியிருக்கும். அந்த வரிகளில் தெரியும் கூரைக் குறிக்கு கன்ட்ரோல் விசை என்று பொருள். இதை யாரும் சொல்லித் தராததால் பலர் கூரைக் குறியையே தேடி அழுத்திப் பார்க்கிறார்கள். வெட்ட கன்ட்ரோல்-கே, ஒட்ட கன்ட்ரோல்-யூ என்பது நம் பழக்கத்துக்கு மாறானது. 2024-இல் வந்த எட்டாம் பதிப்பில் இதற்கும் ஒரு வழி வைத்தார்கள். ஒரு விருப்பத்தோடு தொடங்கினால் நகல், வெட்டு, ஒட்டு எல்லாம் நாம் அறிந்த விசைகளிலேயே இயங்கும். மைக்ரோ என்ற இன்னொன்று தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். ஃபெடோரா லினக்ஸ் 2020-இன் 33-ஆம் பதிப்பில் வி-ஐயை விட்டு நானோவை இயல்பு எடிட்டராக்கியது. மைக்ரோசாஃப்டும் 2025-இல் கட்டளைவரிக்கென்று எடிட் என்ற சிறு நிரலை வெளியிட்டு, நிலையில்லாததாக வேண்டுமென்றே அமைத்தோம் என்றது. டெஸ்லரின் கட்சி ஐம்பது ஆண்டுக்குப் பிறகு டெர்மினலுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது.

விண்டோஸில் நோட்பேட் கூடவே வருகிறது, 1985-இன் முதல் விண்டோஸிலிருந்தே. மிக நீண்ட காலம் அதைக் குறை சொல்லாதவர் இல்லை, குறைகளும் நிஜம். விண்டோஸ் 95 காலத்தில் 64 கிலோபைட்டைத் தாண்டிய கோப்பைத் திறக்காது. லினக்ஸில் எழுதிய கோப்பைத் திறந்தால் எல்லா வரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வரி முடிவுக்கு விண்டோஸ் இரண்டு குறி வைக்கிறது, யுனிக்ஸ் ஒன்று. இதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. எக்ஸ்பியில் இன்னொரு வேடிக்கை: 'புஷ் உண்மைகளை மறைத்தார்' என்ற பொருளில், பதினெட்டுக் குறிகள் கொண்ட ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சேமித்துத் திறந்தால் ஒன்பது சீன எழுத்துகள் தெரியும். அரசியல் சதி என்று பரபரப்பாகப் பேசினார்கள். நடந்தது, எந்தக் குறியேற்றம் என்று நோட்பேட் ஊகித்ததில் வந்த பிசகு. அதே நீளச் சொற்களில் வேறு பலவற்றை எழுதினாலும் அப்படித்தான் ஆகும்.

நமக்கு இவற்றைவிடப் பெரிய வினை 'ஆன்சி' என்ற இயல்பு அமைப்பு. அந்தப் பழைய குறியேற்றத்தில் தமிழுக்கு இடமே கிடையாது. விண்டோஸில் தமிழ் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒருங்குறியாக மட்டுமே வந்தது. தமிழில் எழுதிச் சேமித்தால் ஓர் எச்சரிக்கை வரும், அது ஆங்கிலத்தில் இருக்கும், புதியவர் ஓகே என்பார், மறுநாள் திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். மீட்க வழியில்லை, எழுத்து கோப்புக்குள் போகவே இல்லை. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 இயல்பானது. அதற்கு முந்தைய கணினிகள் சில பள்ளிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இன்னும் ஓடுகின்றன. அங்கே சேமிக்கும்போது கீழே உள்ள பெட்டியில் யூடிஎஃப்-8 என்று மாற்றுவதை முதல் நாளே கற்றுத்தர வேண்டும்.

இரண்டாவது பாடம் பின்னொட்டு. விண்டோஸ், தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளைக் காட்டாமல் மறைத்துவைக்கிறது. 'இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்' என்று பெயர் கொடுத்தால் நோட்பேட் அதற்குப் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' சேர்த்துவிடும், பார்வைக்குத் தெரியாது. பிரவுசர் அதை எழுத்துக் கோப்பாகவே காட்டும். சேமிக்கும் பெட்டியில் 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்ற வேண்டும், பின்னொட்டைக் காட்டும்படி விண்டோஸிலும் ஒருமுறை அமைத்துவிட வேண்டும். எந்த எடிட்டரைத் தேர்ந்தாலும் இந்த அமைப்பு அவசியம்.

குறைகள் தீர்ந்து உருப்படியான நேரத்தில் நோட்பேட் வேறு திசையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. 2023-இல் தாவல்கள் வந்தன, மூடியதை மறுபடி திறந்தால் விட்ட இடத்திலேயே இருக்கும், நல்லது. 2024-இல் எழுத்துப்பிழை திருத்தம் வந்தது. அந்த ஆண்டே, அலங்கார எழுத்துக்கென்று இருந்த வேர்டுபேடை விண்டோஸ் 11-இலிருந்து நீக்கினார்கள். பிறகு எழுதியதை மாற்றி எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும், தடித்த எழுத்து, தலைப்பு போன்ற அலங்காரங்களும் நோட்பேடுக்குள் ஏறின. எழுதியது தானாக மாறாது என்ற நம்பிக்கைதான் நோட்பேடின் ஒரே சொத்து. அதில் கைவைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அமைப்புகளுக்குப் போய் இவற்றை அணைக்கலாம். புதியவருக்குக் கொடுக்குமுன் அணைத்துக் கொடுங்கள்.

நோட்பேடிலிருந்து ஒரு படி ஏறினால் நோட்பேட் பிளஸ் பிளஸ். டான் ஹோ 2003-இல் தொடங்கிய கட்டற்ற நிரல், விண்டோஸுக்கு மட்டும். எச்டிஎம்எல் குறிகளும் பைத்தான் சொற்களும் வண்ணத்தில் தெரியும். மூடாத அடைப்புக்குறி கண்ணில் படும். ஆனால் இதன் உண்மையான பயன் கீழ் ஓரப் பட்டையில் இருக்கிறது. கோப்பு எந்தக் குறியேற்றத்தில் உள்ளது, வரிமுடிவு விண்டோஸ் வகையா யுனிக்ஸ் வகையா என்று எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். குறியேற்ற மெனுவில் ஒரு பொறி உண்டு. ஒரு வகைக் கட்டளை, கோப்பில் இருப்பதை இந்தக் குறியேற்றமாக எடுத்துக்கொண்டு காட்டு என்கிறது; மற்றொரு வகை, உள்ளே இருப்பதையே மாற்றி எழுது என்கிறது. குப்பையாகத் தெரியும் கோப்புக்கு முதல் வகையைத்தான் முயல வேண்டும். அவசரப்பட்டு இரண்டாவதை அழுத்திச் சேமித்தால் குப்பையே நிலைத்துவிடும்.

மேக் கணினியில் கூட வருவது டெக்ஸ்ட்எடிட். திறந்தவுடன் அது அலங்கார எழுத்து முறையில் இருக்கும். வடிவமைப்பு மெனுவில் வெற்று உரைக்கு மாற்றி, தானாக வளையும் மேற்கோள் குறியையும் நிறுத்திவிட்டால் போதும். லினக்ஸில் தேடவே வேண்டாம், எந்த மேசைச்சூழலானாலும் ஒன்று கூடவே வரும். க்னோமில் 2022 முதல் டெக்ஸ்ட் எடிட்டர் என்றே பெயர், அதற்கு முன் ஜிஎடிட்; எக்ஸ்எஃப்சிஇயில் மவுஸ்பேட்; மின்ட்டில் எக்ஸ்எட்; கேடிஇயில் கேரைட்டும் அதன் அண்ணன் கேட்டும். எல்லாம் நிலையில்லாதவை, எல்லாம் யூடிஎஃப்-8. இவற்றுக்குள் எது சிறந்தது என்று வாதாடுவது வீண்.

தமிழ் உடையாமல் நிற்கிறதா என்று பார்க்க எந்தப் பட்டியலும் வேண்டாம், 'கொக்கு' என்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் சரியாக உட்கார வேண்டும். மேசைச் சாளர எடிட்டர்களில் இன்று இது பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். டெர்மினலில் இருக்காது. அங்கே திரை சம அகலக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்ற கணக்கில் ஆங்கிலம் அடங்கும், தமிழின் துணையெழுத்துகள் அடங்காமல் விலகியும் ஏறியும் நிற்கும். நானோவைக் குறை சொல்லிப் பயனில்லை, டெர்மினலின் கட்டமைப்பே அது. தமிழ் உரையைச் சாளர எடிட்டரிலும், கணினி அமைப்புக் கோப்புகளை நானோவிலும் எழுதுவது என்று பிரித்துக்கொள்வதே வழி.

அடுத்தது தேடல். 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எளிய எடிட்டர்கள் இரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கும், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இதைவிட அதிகம் படுத்துவது ஔகாரம். ஔவையார் பெயரை ஒகரம், ளகரம் என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருக்கும் கோப்புகள் ஏராளம். அதில் சரியான ஔவை என்று தேடினால் எடிட்டர் இல்லை என்று சொல்லும். பின்விசையை அழுத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை: 'கி'யில் வைத்து ஒருமுறை அழுத்தினால் சிலவற்றில் விசிறி மட்டும் போகும், சிலவற்றில் எழுத்தே போகும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ஒரே எடிட்டர் இரண்டு விதமாக நடந்தால் அதை விட்டுவிடலாம்.

பழைய எழுத்துருக்களின் கதை தனி. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி, தமிழகத்தில் வானவில், டாப், டாம் என்று ஒருங்குறிக்கு முந்தைய பலவற்றில் அடித்த உரை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகும் அச்சகங்களில் டிடிபி செய்வோர் பலர் பழைய எழுத்துருவை விடவில்லை. அவர்களுடைய பக்க வடிவமைப்பு நிரல் அதில்தான் ஓடுகிறது. பாமினியில் அடித்த வணக்கத்தை நோட்பேடில் ஒட்டினால் டி, இசட், எஃப், அரைப்புள்ளி என்று ஆங்கிலக் கோவையாக நிற்கும். வெற்று உரைக் கோப்பு எழுத்துருவின் பெயரைச் சுமப்பதில்லை. எடிட்டரை மாற்றித் தீராது, மாற்றி நிரல் ஒன்றில் ஒருங்குறியாக்க வேண்டும்.

விஎஸ் கோடு பற்றிச் சொல்லாமல் விட்டால் கல்லூரிப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, இன்று நிரலாளர்கள் அதிகம் பயன்படுத்துவது. அதனுள் ஒரு பிரவுசரே ஓடுகிறது. நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினியில் தவழும். திறந்தவுடன் இந்தக் கோப்புறையை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்கும், நீட்டிப்பை நிறுவச் சொல்லும், அடிக்க அடிக்க அடுத்த வரியைத் தானே எழுதிக் காட்டும். பத்து வரி எழுதப் பழகுகிறவருக்கு இந்தச் சத்தம் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தானுக்கு, பைத்தானோடு கூடவே வரும் ஐடில் போதும். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கற்போருக்கென்றே எழுதிய தானி இன்னும் நல்லது, ஒவ்வொரு வரி ஓடும்போதும் மாறிகளின் மதிப்பைக் காட்டும். ஒரே வேலைக்குப் பத்துக் கோப்புகள் என்ற நிலை வரும்போது விஎஸ் கோடுக்குப் போகலாம். எந்த எடிட்டரும் என்றென்றைக்கும் இருக்காது. கிட்ஹப் 2014-இல் ஆரவாரத்தோடு கொண்டுவந்த ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் மூடியது. அதில் எழுதியவர்கள் கோப்புகளை வேறொன்றில் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

பார்வையற்றோருக்குத் தேர்வு வேறு கணக்கு. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் தடங்கலின்றிப் படித்துச் சொல்வது, பட்டிகளும் பலகைகளும் குறைந்த நோட்பேட் வகையைத்தான். வரிக்கு வரி கர்சர் நகரும்போது குரலும் கூடவே நகரும். வண்ணமும் ஓரப் படமும் அங்கே உதவுவதில்லை, குறுக்கே குதித்து வரும் பரிந்துரைப் பெட்டி குரலைக் கலைத்துவிடும்.

ஆக, விண்டோஸ் வைத்திருப்பவர் நோட்பேடில் தொடங்கி, எச்டிஎம்எல்லோ பைத்தானோ வந்ததும் நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு மாறலாம். லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர் கூட வந்ததிலேயே ஓராண்டு தாராளமாக ஓட்டலாம். சேவையகத்தில் கை வைக்க வேண்டியவருக்கு நானோ. வி-ஐயிடம் ஒருநாள் எல்லோரும் மாட்டத்தான் போகிறோம். நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியை எதையும் அமைக்காமல் பயன்படுத்தினால் குறிப்பு எழுதப் பல கணினிகளில் அதுவே வந்து நிற்கும். அப்போது விசைப்பலகையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.